மென்படலம் கண்ட மேதை லிலியன்பெல்ட்

நம் கையில் திகழும் கைப்பேசியின் திரையும், வீட்டில் நாம் காணும் தொலைக்காட்சிப் பெட்டியின் திரையும் எண்ணற்ற நுண்ணிய மின்வாயில்களால் இயங்குவன. திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வாயிலேனும் உண்டு. அவ்வாயில் வேண்டும்போது மின்சாரத்தைப் புகவிடும். வேண்டாதபோது தடுத்து நிறுத்தும். கண்ணாடிப் பலகையின்மேல், தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு கூறு கனமே உடையதாய்ப் படிந்திருக்கும் படலத்தால் ஆயது அவ்வாயில். அதனை மென்படல டிரான்ஸிஸ்டர் என்பர். அப்படலத்தைக் கண்ணாடிக்கு மாறாக, வளைத்தாலும் சுருட்டினாலும் உடையாத பிளாஸ்டிக் தாளின்மேல் படியச் செய்யும் கலையும் இப்போது வளர்ந்துள்ளது. மடங்கும் திரையுடைய கைப்பேசிகள் 2019-ஆம் ஆண்டு முதல் பலரும் வாங்கக் கூடியனவாகக் கடைக்கு வந்தன.

இவ்வற்புதங்கட்கெல்லாம் மூலமான கருத்தை 1925-ஆம் ஆண்டிலேயே ஓர் அறிஞர் எழுதி வைத்தார். அவர் எழுதியதை உலகம் இருபது ஆண்டுகளுக்குமேல் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோதும் புகழ் வேறு மூவரைச் சென்று சேர்ந்தது. அவ்வறிஞரே ஜூலியஸ் எட்கார் லிலியன்பெல்ட் ஆவார். பௌதிக நூல் பயில்வோர் அவர் பெயரை நன்கறிவர். ஏனையோரும் அவர் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நலம் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரை எழுந்தது. ஒரு புதுமையைக் கண்டவர் என்று யாரைச் சொல்வது? எண்ணியவரையா, எண்ணியதை இயங்கச் செய்தவரையா? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர்க்கு அவர் வாழ்க்கை தக்கதொரு சான்றாகும்.

பிறப்பும் கல்வியும்

லிலியன்பெல்ட் 1882-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ஆம் நாள் லெம்பெர்க் என்னும் நகரில் பிறந்தார். அக்காலத்தில் அந்நகர் ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று அது உக்ரேன் நாட்டில் லிவிவ் என்னும் பெயரோடு விளங்குகிறது. அவர் பெற்றோர் யூத குலத்தினர், தந்தையார் வழக்கறிஞர். இளமையிலேயே இயற்கைப் பொருள்களின் இயல்பை ஆராயும் விருப்பம் அவரிடம் மேலோங்கி நின்றது. எனவே 1900-ஆம் ஆண்டில் அவர் பெர்லின் சர்வகலாசாலையை அடைந்தார்.

அப்போது பெர்லின் நகரம் பௌதிக நூலுக்குத் தலைநகராக விளங்கிற்று. சக்தி சிறுசிறு கூறுகளாகவே வெளிப்படுகின்றது என்னும் கொள்கையை மாக்ஸ் பிளாங்க் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். அப்பெரியாரும் எமில் வார்பர்க் என்னும் பேராசிரியரும் லிலியன்பெல்டுக்கு ஆசிரியராயினர். அவர்கள்பால் கல்வி பயின்று 1905-ஆம் ஆண்டில் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவர்க்கு வயது இருபத்திரண்டு.

லைப்சிக் நகரில்

பட்டம் பெற்றபின் லிலியன்பெல்ட் லைப்சிக் சர்வகலாசாலையின் பௌதிகப் பகுதியிற் சேர்ந்தார். 1910-ஆம் ஆண்டில் விரிவுரை நிகழ்த்தும் தகுதியும் பின்னர்ப் பேராசிரியர் என்னும் பெயரும் எய்தினார். ஹைட்ரஜன் வாயுவைக் கடுங்குளிரால் திரவமாக்கும் பணி அவர் இளமையில் மேற்கொண்ட அரும்பணிகளுள் ஒன்று. வானக்கப்பல் செய்து பெயர் பெற்ற செப்பெலின் பிரபுவோடு, அக்கப்பல்களை ஹைட்ரஜனால் நிரப்பும் முயற்சியிலும் அவர் கலந்து உழைத்தார்.

ஆயினும் அவர் உள்ளம் முற்றும் ஈடுபட்டது வெற்றிடத்தில் மின்சாரம் பாயும் விந்தையிலேயாம். ஒரு கண்ணாடிக் குழலிலிருந்து காற்றை எவ்வளவுக்கெவ்வளவு நன்றாக வெளியேற்றுகிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு அதனுள் நிகழும் மின்பாய்ச்சல் எவ்வாறு மாறுகின்றது என்பதை அவர் பல ஆண்டுகள் பொறுமையோடு ஆராய்ந்தார். சூடாக்கப்படாத உலோக முனையினின்றும், வலிய மின்விசையின் இழுப்பு ஒன்றினாலேயே எலெக்ட்ரான்கள் வெளிப்படும் என்னும் உண்மையைத் தனியானதொரு நிகழ்ச்சியாக நிலைநாட்டியதில் அவர்க்குப் பெரும்பங்கு உண்டு. 1922-ஆம் ஆண்டில் அதனைப்பற்றி ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதினார். அதற்குரிய காரணத்தைப் புதிய கணித முறையால் பவுலர், நார்ட்ஹைம் என்னும் இருவர் 1928-ஆம் ஆண்டில் விளக்கினர். எக்ஸ்ரே குழல்களில் எலெக்ட்ரான்கள் மோதும் உலோகப் பரப்பினின்று ஒருவகை ஒளி தோன்றுவதையும் லிலியன்பெல்ட் கண்டறிந்தார். அவ்வொளி இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

இவ்வாராய்ச்சிகளால் அவர்க்கு இரண்டு பழக்கங்கள் கைவந்தன. மின்விசை தொடாமலே ஆளும் என்பதை நன்கு உணர்ந்தது ஒன்று. பொருளின் உட்பகுதியைக் காட்டிலும் மேற்பரப்பைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் மற்றொன்று. பிற்காலத்தில் அவர் செய்த பெருஞ்செயலுக்கு இவ்விரண்டுமே அடிப்படையாயின.

அமெரிக்கா அடைதல்

எக்ஸ்ரே குழல் பற்றிய தம் உரிமைகளை நிலைநாட்டும் பொருட்டு லிலியன்பெல்ட் 1921-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். 1926-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் நியூயார்க் நகரில் பியாட்ரிஸ் கின்ஸ்பர்க் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணந்தார். அவ்வாண்டிலேயே லைப்சிக் பேராசிரியர் பதவியைத் துறந்து, அமெரிக்காவையே தம் வாழ்விடமாகக் கொண்டார். 1934-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார்.

அவர் ஜெர்மனியை விட்டு நீங்கிய ஏழு ஆண்டுகட்குள் அங்கே யூதப் பேராசிரியர்கள் பதவியினின்றும் துரத்தப்பட்டனர். அவர் பிறந்த லெம்பெர்க் நகரில் வாழ்ந்த நூறாயிரத்துக்கு மேற்பட்ட யூத மக்கள் இரண்டாம் உலகப்போரின்போது ஏறக்குறைய முற்றும் அழிக்கப்பட்டனர். முன்னரே கடல் கடந்து வந்தமையால் இவ்வறிஞர் உயிரும் உழைப்பும் உலகுக்குக் கிடைத்தன.

மூன்று காப்புரிமைகள்

1920-ஆம் ஆண்டை அடுத்து வானொலி உலகெங்கும் பரவலாயிற்று. வானொலிப் பெட்டியில் மெலிந்த மின்னோசையை வலுப்படுத்தும் வேலையைச் செய்தவை வால்வு என்னும் கண்ணாடிக் குழல்கள். அவற்றினுள்ளே ஓர் இழை எப்போதும் கனன்றுகொண்டிருக்க வேண்டும். அவ்விழை அடிக்கடி எரிந்து போகும். மின்சாரமும் மிகுதியாகச் செலவாகும். கண்ணாடியோ எளிதில் உடையும். கனலும் இழையும் வெற்றிடமும் இல்லாமல், ஒரு திடப்பொருளிலேயே இவ்வேலையைச் செய்துகொள்ள முடியாதா என்று லிலியன்பெல்ட் எண்ணினார்.

அவர் எண்ணத்தை நம் நாட்டு ஏரிப் பாசனத்தைக் கொண்டு விளக்கலாம். மதகின் பலகையைச் சிறுவன் ஒருவனும் ஏற்றவும் இறக்கவும் கூடும். ஆனால் அப்பலகையின் அசைவுக்கேற்ப வாய்க்காலில் பெருவெள்ளம் கூடியும் குறைந்தும் ஓடும். சிறிய விசை பெரிய ஓட்டத்தை ஆள்வதே வலுப்படுத்தல் என்பதன் பொருள். லிலியன்பெல்ட் வாய்க்காலாகக் கொண்டது, செம்பும் கந்தகமும் கூடிய காப்பர் ஸல்பைடு என்னும் பொருளின் மெல்லிய படலம். உலோகத்தைப்போல் தாராளமாகவும் மின்சாரத்தைக் கடத்தாது, கண்ணாடியைப்போல் முற்றும் மறுக்கவும் செய்யாது இடைநிலையில் நிற்கும் இத்தகைய பொருள்களை இன்று குறைகடத்திகள் என்கிறோம்.

அவர் வகுத்த முதற் கருவியின் அமைப்பு மிக எளியது. ஒரு கண்ணாடித் துண்டை இரண்டாக உடைத்து, இடையே மெல்லிய அலுமினியத் தகட்டை வைத்து, மீண்டும் ஒட்டிவிட வேண்டும். தகட்டின் விளிம்பு கண்ணாடியின் மேற்பரப்போடு சமமாக நிற்கும். அதன்மேல் காப்பர் ஸல்பைடு படலத்தைப் படியச் செய்து, படலத்தின் இருபுறமும் உலோக முனைகளை இணைக்க வேண்டும். இருமுனைகளுக்கும் இடையே மின்சாரம் படலத்தின் வழியாக ஓடும். நடுவேயுள்ள அலுமினிய விளிம்பில் மின்னழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் அவ்வோட்டத்தை ஆளலாம். இதுவே மதகு.

படலம் ஏன் மெல்லியதாக இருத்தல் வேண்டும்? மின்விசை ஒரு கடத்தும் பொருளின் மேற்பரப்பை அடுத்துள்ள சிறு ஆழம் வரையிலுமே ஊடுருவ வல்லது. ஆழமான ஆற்றின் மேல்நீரை மட்டும் தொடும் பலகை ஆற்றை நிறுத்தாது. அடியில் நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆழமற்ற வாய்க்காலாயின் அப்பலகையே அதனை முற்றும் அடைத்துவிடும். படலத்தின் மென்மை அவர் கருவிக்கு அணியன்று, உயிர்நாடியாகும்.

இக்கருத்தை விளக்கும் விண்ணப்பத்தை அவர் 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் கனடா நாட்டிலும், அடுத்த ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் அளித்தார். 1930-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் 1,745,175 என்னும் எண்ணுடைய காப்புரிமை அவர்க்கு வழங்கப்பட்டது. 1928-ஆம் ஆண்டில் அவர் மேலும் இரண்டு விண்ணப்பங்கள் அளித்தார். அவற்றிற்குரிய உரிமைகள் 1932-ஆம் ஆண்டிலும் 1933-ஆம் ஆண்டிலும் கிடைத்தன. 1933-இல் கிடைத்த உரிமையில் கருவி இன்னும் செம்மையுற்றது. அலுமினியத்தின்மேல் அதன் ஆக்சைடையே மெல்லிய தடுப்பாக உண்டாக்கி, அத்தடுப்பின்மேல் காப்பர் ஸல்பைடு படலத்தை அமைக்கும் முறை அதில் கூறப்பட்டுள்ளது. உலோகம், அதன்மேல் தடுப்பு, அதன்மேல் குறைகடத்தி என்னும் இவ்வரிசையே இன்று கோடிக்கணக்கான கருவிகளில் காணப்படுவது. 1934-ஆம் ஆண்டில் ஆஸ்கார் ஹைல் என்னும் ஜெர்மானியரும் இதனையொத்த கருத்தைத் தனியே எண்ணி விண்ணப்பித்தார். ஆயினும் காலத்தால் முந்தியவர் லிலியன்பெல்டே.

அலுமினியத்தின் மேற்றோல்

1928-ஆம் ஆண்டு முதல் லிலியன்பெல்ட் மாஸசூஸெட்ஸ் மாநிலத்து மால்டன் நகரில் வானொலித் தொழிலைச் சார்ந்ததொரு ஆராய்ச்சிச்சாலையில் பணியாற்றினார். பின்னர் எர்கான் என்று பெயர் பெற்ற அச்சாலைக்கு அவரே தலைவருமாயினார். அங்கே அவர் செய்த பெரும்பணி, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கன்டென்ஸர் என்னும் கருவியைத் திருத்தியமைத்ததாகும்.

அலுமினியத் தகட்டைத் தக்க திரவத்தில் தோய்த்து மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேற்பரப்பில் ஆக்சைடுத் தோல் ஒன்று வளரும். பாய்ச்சும் மின்னழுத்தத்திற்கு ஏற்ப அத்தோலின் கனமும் அமையும். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். ஒரு வோல்ட் அழுத்தத்திற்கு ஏறக்குறைய 1.3 நானோமீட்டர் வீதம் அத்தோல் வளர்கின்றது. நூறு வோல்ட் செலுத்தினால் 130 நானோமீட்டர் அளவில் நின்றுவிடும். கை நுணுக்கமோ விலையுயர்ந்த பொறியோ இல்லாமல், மின்சாரமே அளவுகோலாக நின்று படலத்தை அளந்து தருதல் வியக்கத்தக்கது. தடுப்பு மெல்லியதாக ஆக ஆக மின்சாரம் மிகுதியாகச் சேரும். இவ்வியல்பைக் கொண்டு அவர் வகுத்த மின்பகுளிக் கன்டென்ஸருக்கு 1931-ஆம் ஆண்டில் காப்புரிமை கொண்டார். அம்முறை அந்நூற்றாண்டு முழுதும் வழக்கிலிருந்தது. டிரான்ஸிஸ்டர் கருத்து ஏட்டில் உறங்கிக் கிடந்த காலத்தில், அவர் கண்ட இந்த ஆக்சைடுத் தோல் வீடுதோறும் வானொலிப் பெட்டியினுள் உழைத்து வந்தது.

தீவு வாழ்க்கை

1935-ஆம் ஆண்டில் எர்கான் ஆராய்ச்சிச்சாலை மூடப்பட்டது. லிலியன்பெல்டுக்குக் கோதுமை வயல்களை அடுத்து வாழ்ந்தால் உண்டாகும் ஓர் ஒவ்வாமை நோய் நெடுநாளாக இருந்து வந்தது. அதனின்றும் தப்பும் பொருட்டு அவரும் அவர் மனைவியாரும் கரிபியக் கடலில் அமெரிக்காவுக்கு உட்பட்ட வர்ஜின் தீவுகளுள் ஒன்றாகிய செயின்ட் தாமஸ் தீவில் வீடு கட்டிக் குடியேறினர். அங்கிருந்தும் அவர் அடிக்கடி பெருநிலத்திற்குச் சென்று வந்தார். புதிய எண்ணங்களைச் சோதித்துப் பார்த்துக் காப்புரிமைகள் பெறுவதையும் விடவில்லை. ஆனால் சர்வகலாசாலையோ பெரிய ஆராய்ச்சிச்சாலையோ அவர்க்குப் பின்னால் நிற்கவில்லை. மாணாக்கர் குழாமும் இல்லை. தம் பழைய கருத்தைப் பேணி வளர்த்தற்கு வேண்டிய துணைகள் அவர்க்கு வாய்க்கவில்லை எனலாம்.

பெல் ஆராய்ச்சிச்சாலையும் நோபெல் பரிசும்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச்சாலையில் ஷாக்லி, பார்டீன், பிராட்டன் என்னும் மூவர் இதே சிக்கலை ஆராயப் புகுந்தனர். குறைகடத்தியின் ஓட்டத்தை வெளியிலிருந்து மின்விசையால் ஆள்வது என்பதே ஷாக்லி முதலில் கொண்ட எண்ணமும் ஆகும். அவர் 1945-ஆம் ஆண்டில் செய்த சோதனை பயன் தரவில்லை. எதிர்பார்த்த விளைவில் மிகச்சிறு பங்குகூடத் தோன்றவில்லை. ஏன் என்று ஆராய்ந்த பார்டீன் அரியதோர் உண்மையைக் கண்டார். குறைகடத்தியின் மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் சிக்கிக்கொள்ளும் பொறிகள் பல உள. வெளியேயிருந்து வரும் மின்விசை அச்சிக்கிய எலெக்ட்ரான்களிடமே செலவாகிவிடுகிறது. உள்ளே ஓடும் மின்சாரத்தை அது தீண்டுவதில்லை.

இத்தடையை ஆராயும் வழியிலேயே 1947-ஆம் ஆண்டு டிஸம்பர் மாதத்தில் பார்டீனும் பிராட்டனும் வேறொரு முறையில் வெற்றி கண்டனர். ஜெர்மேனியம் என்னும் பொருளின் கட்டியொன்றில் இரண்டு நுண்முனைகளை மிக அருகருகே ஊன்றி, ஒன்றின் வழிச் செல்லும் மின்சாரத்தால் மற்றொன்றின் ஓட்டத்தை வலுப்படுத்திக் காட்டினர். அதுவே டிரான்ஸிஸ்டர் என்று பெயரிடப்பட்டு 1948-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மூவர்க்கும் 1956-ஆம் ஆண்டில் பௌதிக நூலுக்குரிய நோபெல் பரிசு கிடைத்தது.

அவர்கள் சார்பில் காப்புரிமை கோரியபோது ஒரு பழைய ஏடு குறுக்கே நின்றது. மின்விசையால் ஓட்டத்தை ஆளும் கருத்து லிலியன்பெல்டின் உரிமைகளில் முன்னரே காணப்படுகின்றமையால், அதனைச் சார்ந்த கோரிக்கைகள் பலவும் மறுக்கப்பட்டன. ஜெர்மேனியக் கட்டியில் நுண்முனை ஊன்றும் புதுமுறைக்கே உரிமை நிலைத்தது. நோபெல் பரிசு வழங்கப்பட்ட ஆண்டில் லிலியன்பெல்ட் தம் எழுபத்து நான்காம் வயதில் உயிரோடிருந்தார். ஏழாண்டுகட்குப்பின், 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள், செயின்ட் தாமஸ் தீவின் தலைநகராகிய ஷார்லட் அமாலியில் அவர் காலமானார்.

யாருடைய கண்டுபிடிப்பு?

அவர் மறைந்த மறு ஆண்டே, டிரான்ஸிஸ்டரை முதலிற் கண்டவர் யார் என்னும் விவாதம் அமெரிக்கப் பௌதிக இதழொன்றில் எழுந்தது. லிலியன்பெல்டே முதல்வர் என்று சொல்லத்தக்க காரணங்களை ஒரு பேராசிரியர் எடுத்துக்காட்டினார். பெல் சாலையைச் சார்ந்த ஜான்ஸன் என்னும் அறிஞர், லிலியன்பெல்ட் எழுதிய வண்ணம் கருவி செய்து பார்த்ததாகவும் அது வலுப்படுத்தவில்லை என்றும் மறுமொழி கூறினார். 1990-ஆம் ஆண்டுக்குப்பின் அமெரிக்க ஆய்வாளர் சிலர் அவ்வேட்டில் கண்டவாறே மீண்டும் கருவிகள் செய்தனர். அவை மெலிவாகவும் நிலையற்றும் இருந்தபோதிலும், லிலியன்பெல்ட் கூறிய விளைவைக் காட்டவே செய்தன.

நடுநிலை நின்று நோக்குவோர் இருதிறத்தார்க்கும் உரியதை உரியவாறு அளித்தல் வேண்டும். லிலியன்பெல்ட் தம் கருவி இயங்கிய வகையைப்பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் வெளியிடவில்லை. காப்புரிமை ஏட்டில் அடங்கிய கருத்து அறிஞர் அவைக்கு வந்து சேரவில்லை. மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் சிக்கும் காரணமும் அவர் காலத்தில் விளங்கவில்லை. மாசற்ற குறைகடத்திகளைச் செய்யும் வழியும் அன்று இல்லை. பெல் அறிஞரோ தம் தோல்வியின் காரணத்தையே ஆராய்ந்து, பிறர் மீண்டும் செய்து பார்க்கத்தக்க முறையில் அதனை விளக்கி எழுதினர். அவர்கள் பரிசு தகுதியால் வந்ததே. எனினும் அவர்கள் கண்டது வேறு கருவி. லிலியன்பெல்ட் எழுதியது வேறு கருவி. ஒன்று கட்டியில் அமைந்தது. மற்றது படலத்தில் அமைந்தது. காலம் செல்லச் செல்ல உலகம் எதனை மிகுதியாகக் கைக்கொண்டது என்பதையே இனிக் காண்போம்.

படலத்தின் மறுபிறப்பு

1960-ஆம் ஆண்டை ஒட்டிப் பெல் சாலையைச் சார்ந்த அட்டாலா, காங் என்னும் இருவர், ஸிலிக்கானின்மேல் அதன் ஆக்சைடையே தடுப்பாக வளர்த்து, மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் சிக்கும் இடர்ப்பாட்டைப் பெரிதும் குறைத்தனர். உலோகம், ஆக்சைடு, குறைகடத்தி என்னும் லிலியன்பெல்டின் வரிசை அன்று உயிர்பெற்று எழுந்தது. 1962-ஆம் ஆண்டில் பால் வைமர் என்பவர் கண்ணாடியின்மேல் காட்மியம் ஸல்பைடு படலத்தைப் படியச் செய்து மென்படல டிரான்ஸிஸ்டரை இயக்கிக் காட்டினார். கண்ணாடியின்மேல் ஸல்பைடு படலம் என்னும் அளவில், அது லிலியன்பெல்டின் பழைய ஏட்டுக்கு மிக நெருங்கியதாகும்.

படலத்திற்குக் கண்ணாடிதான் ஆதாரமாக வேண்டுமா என்னும் வினா அடுத்து எழுந்தது. 1968-ஆம் ஆண்டில் வெஸ்டிங்ஹவுஸ் ஆராய்ச்சிச்சாலையில் பீட்டர் பிராடி என்பவர், டெல்லூரியம் என்னும் பொருளின் படலத்தைக் காகிதத்தின்மேலும் மைலார் என்னும் பிளாஸ்டிக் தாளின்மேலும் படியச் செய்து டிரான்ஸிஸ்டர்கள் அமைத்தார். அவை வளைத்தபோதும் வேலை செய்தன. 1979-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு டண்டீ சர்வகலாசாலையில் ஸ்பியர், லெகோம்பர் முதலியோர் படிக வடிவமற்ற ஸிலிக்கான் படலத்தால் டிரான்ஸிஸ்டர் செய்தனர். தட்டையான திரைகளின் பெருந்தொழில் அதன் வழியே பெருகிற்று. ஆயினும் அப்படலத்தைச் செவ்வையாக அமைப்பதற்கு வழக்கமாக 300 டிகிரி அளவான வெப்பம் வேண்டும். கண்ணாடி அதனைத் தாங்கும். சாதாரணப் பிளாஸ்டிக் தாங்காது. உருகும் முன்னரே சுருங்கித் திருகிப்போகும். தாள் சிறிதே சுருங்கினும், ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்த படலங்களின் வரிகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகும்.

இத்தடையை வெல்ல இரண்டு வழிகள் கண்டனர். பாலிஇமைடு என்னும் வெப்பந் தாங்கும் பிளாஸ்டிக்கைக் கண்ணாடியின்மேல் பூசி, அதன்மேல் டிரான்ஸிஸ்டர்களை அமைத்து, முடிவில் லேஸர் ஒளியால் கண்ணாடியினின்றும் உரித்தெடுத்தல் ஒரு வழி. மடங்கும் கைப்பேசித் திரைகள் இவ்வழியிற் செய்யப்படுகின்றன. வெப்பமே வேண்டாத படலத்தைக் காணுதல் மற்றொரு வழி. 2004-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் ஹோஸோனோ என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் இண்டியம், காலியம், துத்தநாகம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் கலந்த படலத்தைச் சாதாரண அறை வெப்பத்திலேயே பிளாஸ்டிக் தாளின்மேல் படியச் செய்தனர். அதில் எலெக்ட்ரான்கள் படிக வடிவமற்ற ஸிலிக்கானில் ஓடுவதைக் காட்டிலும் ஏறக்குறையப் பத்து மடங்கு எளிதாக ஓடின. தாளை மீண்டும் மீண்டும் வளைத்தபோதும் கருவி பழுதுபடவில்லை.

கண்ணாடியைப்போல் நொறுங்கும் ஆக்சைடு, வளைக்கும்போது உடையாதிருப்பது எவ்வாறு? ஒரு தாளை வளைத்தால் அதன் வெளிப்பரப்பு நீளும். தாளின் கனத்தை, வளைவின் ஆரத்தைப்போல் இருமடங்கால் வகுத்தால் அந்நீட்சியின் அளவு கிடைக்கும். 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள தாளை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் வெளிப்பரப்பு நூற்றில் ஒரு பங்கு நீளும். அது ஆக்சைடுப் படலம் விரிசலுறத்தக்க அளவு. அத்தாள் கால்பங்கு கனமுடையதாயின் நீட்சியும் கால்பங்காகும், படலம் பிழைக்கும். படலத்தைத் தாளின் நடுக்கனத்தில் அமையுமாறு மேலும் ஒரு பூச்சால் மூடினால் நீட்சி ஏறக்குறைய இல்லாமலே போகும். மின்விசையால் ஆளப்படுவதற்கு வேண்டிய மென்மையே வளைந்து கொடுப்பதற்கும் உதவுகின்றது. அலுமினியத்தின்மேல் மின்சாரத்தால் வளர்த்த ஆக்சைடுத் தோலைப் பிளாஸ்டிக் தாளின்மேல் தடுப்புப் படலமாகப் பயன்படுத்துவோரும் இன்று உளர். அவ்வாறு லிலியன்பெல்டின் இரண்டு பணிகளும் ஒரே தாளின்மேல் வந்து கூடியுள்ளன.

முடிவுரை

லிலியன்பெல்டின் மனைவியார் பியாட்ரிஸ் அம்மையார் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு அமெரிக்கப் பௌதிகச் சங்கத்தார் 1988-ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு பரிசு நிறுவினர். அரிய பௌதிகப் பணி ஆற்றியதோடு, அதனைப் பலரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் எடுத்துரைக்க வல்லார்க்கு அப்பரிசு அளிக்கப்படுகின்றது. தாம் கண்டதை உலகுக்கு விளங்க உரைக்கும் வாய்ப்புக் குறைந்த ஒருவர் பெயரால் இத்தகைய பரிசு அமைந்தது பொருத்தமே.

மாணவ நண்பர்களே! தம் எண்ணத்திற்கேற்ற பொருள்கள் உலகில் இல்லாத காலத்திலும் லிலியன்பெல்ட் அவ்வெண்ணத்தைக் கைவிட்டுவிடவில்லை. அளவோடும் படத்தோடும் எழுதி, நாளிட்டு, பொது ஏட்டில் பதிவு செய்து வைத்தார். அவ்வாறு எழுதியதனாலேயே பின்வந்தோர் அவரை மறைக்க இயலாதாயிற்று. அவர் கட்டுரை வரைந்து அறிஞர் அவையிலும் உரைத்திருப்பாராயின், அவர் வாழ்நாளிலேயே பயன் விளைந்திருத்தல் கூடும். ஆகவே எண்ணுதலோடு எழுதுதலும், எழுதுதலோடு பிறர்க்கு உரைத்தலும் கற்றார் கடமையாகும். மொழி பயில்வோராகிய நாமும் இவ்வகையில் விஞ்ஞானம் பயில்வோர்க்குத் துணை நிற்கலாம். அவர்கள் காண்பதைத் தெளிந்த தமிழில் எழுதிப் பலர்க்கும் எட்டச் செய்வது நம்மால் ஆகும் பணி.

மடங்கிய திரையை விரித்து நோக்கும்போது, கண்ணாடித் துண்டொன்றை இரண்டாக உடைத்து நடுவே அலுமினியத் தகட்டைச் செருகி ஒட்டுமாறு எழுதிவைத்த அப்பெரியாரை நாம் ஒரு கணமேனும் நன்றியோடு நினைத்தல் தகும்.